697-ஆ, 692-ஆ? பழைய லாரி எஞ்சின் வாங்கும் முன் பார்க்க வேண்டிய எண்கள்

கொப்பரையில் சாறு பாதி கொதித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது கவுந்தப்பாடி பக்கம் நாட்டுச்சக்கரை ஆலை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அடுப்பில் சக்கை எரிந்துகொண்டிருக்கும், அதை நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது. கிரஷர் நின்றுபோனதால் மேற்கொண்டு சாறு வராது. தொட்டியில் தேங்கிய சாறு சில மணி நேரத்தில் புளிக்க ஆரம்பித்துவிடும். வெட்டிப் போட்ட கரும்பு வெயிலில் எடை குறைந்துகொண்டே போகும்.

அப்படி இரண்டு பருவம் பட்ட ஒரு குடும்பம், மூன்றாவது பருவத்துக்கு முன் ஜெனரேட்டர் வைத்துவிடுவது என்று முடிவு செய்தது. ஐந்து ஏக்கர் கரும்பு, அக்கம்பக்கத்துக் கரும்பையும் ஆட்டித் தரும் சின்ன ஆலை. கிரஷருக்கு 20 ஹெச்பி மோட்டார். ஆழ்துளைக் கிணற்றில் ஒரு 10 ஹெச்பி, கிணற்றில் ஒரு 7.5 ஹெச்பி. புது ஜெனரேட்டர் விலை கேட்டதும் மூச்சு நின்றது. "பழைய லாரி எஞ்சினை வாங்கி ஆல்டர்னேட்டர் கோத்துக்கிட்டா பாதிக் காசுல முடிஞ்சுரும்" என்று உறவினர் ஒருவர் சொன்னார். கோழிப்பண்ணை, கயிறு மில், செங்கல் சூளை என்று பல இடங்களில் அப்படித்தான் ஓடுகிறது. சொன்னதில் தவறில்லை.

பழைய எஞ்சின் விற்கும் ஓர் இடத்தில் எஞ்சின் தயாராக நின்றது. பளபளவென்று பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். "டாடா 697-ங்க. ஃபுல் ரீபில்ட். போர் பண்ணி, கிராங்க் தேய்ச்சு, எல்லாம் புதுசு. கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போலாம்" என்றார் விற்பவர். கணவர் முன்பணம் எடுக்கப் போனபோது மனைவிதான் தடுத்தார். "ஏனுங்க, மாடு வாங்கறதுன்னாலே பல்லப் புடிச்சுப் பாக்கறோம். இதுக்கு யாரையாச்சும் கூட்டிட்டு வந்து பாத்துட்டு வாங்கிக்கலாமுங்க."

சங்ககிரி லாரிப் பட்டறைகளில் நாற்பது வருடம் எஞ்சின் இறக்கி ஏற்றிய ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் கொண்டு வந்தவை ஒரு கம்பி பிரஷ், டார்ச் லைட், வெர்னியர், போர் கேஜ், ஒரு நாற்பது பக்க நோட்டு. அன்று அவர் செய்த வேலையை, இதுபோன்ற எஞ்சின் வாங்க நினைக்கும் யாரும் வரிசையாகச் செய்து பார்க்கலாம்.

பெயின்ட்டுக்கு அடியில்

அவர் முதலில் டேப்பட் கவரை விரலால் தட்டிவிட்டு, "இதைப் பாத்து ஏமாறக் கூடாது தம்பி. நாலு போல்ட்டைக் கழட்டுனா இந்த மூடி எந்த எஞ்சினுக்கு வேணாலும் போயிரும்" என்றார். பெயர்த் தகடும் அப்படித்தான். ரிவெட் அடித்த தகட்டைப் பெயர்த்து வேறு எஞ்சினில் அடிக்க ஐந்து நிமிடம் போதும்.

பிளாக்கின் பக்கவாட்டில் டீசல் துணியால் துடைத்துக் கம்பி பிரஷ் போட்டால் இரண்டு வகை எண்கள் தெரியும். ஒன்று புடைத்துக்கொண்டு நிற்கும். அது வார்ப்பு எண். இரும்பை அச்சில் ஊற்றும்போதே வந்தது. அந்த அச்சில் வார்த்த எல்லா பிளாக்கிலும் அதே எண் இருக்கும். பலர் இதைத்தான் எஞ்சின் நம்பர் என்று நினைத்து எழுதிக்கொண்டு போகிறார்கள். மற்றொன்று, கடைந்து சமப்படுத்திய ஒரு தட்டையான இடத்தில் பஞ்ச் அடித்து உள்ளே இறங்கியிருக்கும். அதுதான் எஞ்சின் எண். அந்த எஞ்சின் ஒன்றுக்கு மட்டுமே உரியது.

பஞ்ச் அடித்த இடம் மட்டும் புதிதாகக் கிரைண்டர் போட்டது போல வழவழவென்று இருந்தாலோ, எழுத்துகள் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி இருந்தாலோ, எவ்வளவு மலிவாகத் தந்தாலும் அந்த எஞ்சின் வேண்டாம். திருட்டு வண்டியிலிருந்து வந்ததாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கடைசியாக வாங்கியவர்தான். எண் மீது ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அப்படியே பதிந்துவிடும். அந்தத் தாளையும், எஞ்சின் எண் எழுதிய பில்லையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

லாரிக்கோ வேனுக்கோ மாற்ற வாங்குபவர்களுக்கு இன்னொரு விஷயம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி எஞ்சினை மாற்றினால் பதிவு செய்யும் அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வேண்டும். விட்டுவிட்டால் எஃப்.சி.க்குப் போகும்போதும், விபத்து நேர்ந்து இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் அது பூதமாகக் கிளம்பும்.

பெயரில் என்ன இருக்கிறது?

டாடா எஞ்சின்களின் பெயரிலேயே பாதி விவரம் இருக்கிறது. 697 என்றால் முதல் எண் 6, ஆறு சிலிண்டர். அடுத்த 97, சிலிண்டரின் உள்விட்டம் 97 மில்லிமீட்டர். 692 என்றால் ஆறு சிலிண்டர், 92 மில்லிமீட்டர். 497 என்றால் நாலு சிலிண்டர், 97 மில்லிமீட்டர். 1954-ல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்ய ஆரம்பித்ததிலிருந்து வந்த குடும்பம் இது. அந்தக் காலத்து முதல் எஞ்சின் 90 மில்லிமீட்டர் போர், 120 ஸ்ட்ரோக். டீசல் நேராக பிஸ்டன் மேல் பாயாமல் ஒரு சின்ன முன்னறையில் எரியும் வகை. அதனால் ஹெட்டில் ஹீட்டர் பிளக் இருக்கும். பின்னால் வந்த 692, 697 இரண்டும் நேரடியாக டீசல் பாயும் வகை. 692-க்கு ஸ்ட்ரோக் 120, 697-க்கு 128. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும்.

"1210 எஞ்சின் குடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. அது வண்டியின் பெயர். 12 என்பது சரக்கோடு சேர்த்து மொத்த எடை 12 டன், 10 என்பது ஏறத்தாழ 100 குதிரைத்திறன். எஞ்சின் பெயரும் வண்டிப் பெயரும் வேறு வேறு.

லேலண்டில் கணக்கே வேறு. சென்னை எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955-ல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனி, இங்கிலாந்து லேலண்டின் வழக்கப்படி எஞ்சினின் மொத்தக் கொள்ளளவைக் கன அங்குலத்தில் பெயராக வைத்தது. 370 என்றால் சுமார் 370 கன அங்குலம், அதாவது 6 லிட்டரைக் கொஞ்சம் தாண்டும். 400 என்றால் சுமார் ஆறரை லிட்டர். 680 பெரிய வண்டிகளின் எஞ்சின், 11 லிட்டர். ஒரு கன அங்குலம் 16.39 சி.சி. என்று பெருக்கிக்கொண்டால் போதும். பிறகு ஜப்பானின் ஹினோ வழியில் வந்த எஞ்சின்கள், டாடா வண்டிகளில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் என்று வேறு குடும்பங்களும் உண்டு. 400-க்கு உரிய பிஸ்டனைத் தேடிக்கொண்டு 370-ஐ வீட்டில் வைத்திருப்பவர் கடை கடையாக அலைய வேண்டியதுதான்.

பம்பில் ஒட்டியிருக்கும் ஜாதகம்

சங்ககிரிக்காரர் அதிக நேரம் உட்கார்ந்தது டீசல் பம்புக்கு முன்னால். மைக்கோ பம்பின் பக்கத்தில் சின்ன அலுமினியத் தகடு இருக்கும். அழுக்கைத் துடைத்தால் பிஇஎஸ் 6 ஏ 80 டி என்பது போல ஆரம்பிக்கும் நீண்ட எழுத்து. அதில் 6 என்பது ஆறு சிலிண்டருக்கான பம்பு. ஏ என்பது பம்பின் அளவு வகை. 80 என்றால் உள்ளே டீசலைத் தள்ளும் பிளஞ்சரின் விட்டம் 8 மில்லிமீட்டர், 90 என்றால் 9 மில்லிமீட்டர். தடிமனான பிளஞ்சர் அதிக டீசல் தள்ளும். கடைசியில் வரும் ஆர் அல்லது எல், பம்பு வலமாகச் சுற்றுமா இடமாகவா என்பதைச் சொல்லும்.

கவர்னருக்குத் தனி எழுத்து உண்டு. அங்கேதான் அவர் நோட்டை எடுத்தார். "ஆர்க்யூ 250/1400."

"அப்படின்னா என்னங்கண்ணா?" என்றார் விவசாயி.

"இது லாரி கவர்னர். 250-ங்கறது ஐட்லிங்ல பம்பு சுத்தற வேகம். 1400 மேக்ஸிமம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்ல பம்பு ஒரு சுத்து சுத்துனா எஞ்சின் ரெண்டு சுத்து. அப்ப எஞ்சின் 2800 வரைக்கும் போகும்."

ஜெனரேட்டருக்கு எஞ்சின் வாங்குபவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஆர்க்யூ வகைக் கவர்னர் இரண்டே இரண்டு வேகத்தைத்தான் பார்த்துக்கொள்ளும்: ஐட்லிங்கில் எஞ்சின் நின்றுவிடாமல், மேலே எல்லை தாண்டாமல். இடையில் உள்ள வேகத்தை டிரைவரின் கால் பார்த்துக்கொள்ளும். ஆலையில் ஆக்ஸிலேட்டர் மிதிக்க யார் இருக்கிறார்கள்?

நாலு துருவ ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் வரும். லீவரை 1500-ல் கட்டி வைத்துவிட்டு கிரஷரில் கரும்பைத் திணித்தால் வேகம் இறங்கும். 1400-க்கு இறங்கினால் 47 ஹெர்ட்ஸ்கூட வராது. மோட்டாரின் வேகம் குறையும், சூடு ஏறும். அதைவிட மோசமானது எதிர்ப்பக்கம். கிரஷர் ஸ்டார்ட்டர் திடீரென்று ட்ரிப் ஆனால், சுமை இல்லாத எஞ்சின் வேகம் பிடித்து 2800 வரைக்கும் ஏறலாம். ஆல்டர்னேட்டர் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டதல்ல. அந்த லைனில் பல்ப், சார்ஜர் எது இருந்தாலும் போய்விடும். ஆல்டர்னேட்டரின் உள்சுற்றே பிய்த்துக்கொண்டு வரவும் கூடும். பக்கத்தில் ஆள் நின்றால் உயிருக்கே ஆபத்து.

இந்த வேலைக்கு ஆர்எஸ்வி என்று ஆரம்பிக்கும் கவர்னர் வேண்டும். எந்த வேகத்தில் வைத்தாலும் சுமை ஏறும்போதும் இறங்கும்போதும் டீசலைக் கூட்டிக் குறைத்து அந்த வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். டிராக்டரிலும் ஜெனரேட்டரிலும் அந்த வகைதான். 1500-க்கு ஓட வேண்டுமானால் பம்பு வேகம் 750. டீசல் பம்பு சர்வீஸ் கடையில் கவர்னரை மாற்றி, பெஞ்சில் ஏற்றி டீசல் அளவை மறுபடி செட் செய்து வாங்க வேண்டும். எஞ்சின் விற்பவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. மறைக்கிறார்கள் என்று சொல்ல முடியாது, லாரிக்கு விற்றே பழகியவர்கள்.

ஹெட்டைத் தூக்கினால்தான் உண்மை

எண்ணும் தகடும் சந்தேகத்தைத் தரும், ஒரு முடிவைத் தராது. ரீபில்ட் எஞ்சினில் பிளாக் ஒரு வண்டி, ஹெட் இன்னொரு வண்டி, பம்பு மூன்றாவது வண்டி என்று இருப்பது சாதாரணம். கடைசியில் அளந்துதான் பார்க்க வேண்டும். விற்பவர் முகம் சுளித்தார். "ஹெட்டைக் கழட்டுனா கேஸ்கெட் போயிருங்க."

"கேஸ்கெட் காசும் கூலியும் நாங்க தர்றோமுங்க. நீங்க சொன்ன மாதிரியே இருந்தா இன்னிக்கே முழுப்பணம்" என்றார் மனைவி. அதற்குப் பிறகு மறுக்க அவரால் முடியவில்லை. நாசில் ஓட்டை வழியாகக் கம்பியை விட்டு ஸ்ட்ரோக் பார்க்கலாம் என்று சிலர் செய்வார்கள். கம்பி சாய்ந்து போவதால் அளவு தப்பாக வரும், உள்ளே மாட்டினால் பிஸ்டனைக் கீறும். வேண்டாத வேலை.

ஹெட் வெளியே வந்ததும் முதல் பதில் பிஸ்டன் தலையிலேயே இருந்தது: 0.50 என்று பஞ்ச். ஒரிஜினல் அளவைவிட அரை மில்லிமீட்டர் கூடுதல் பிஸ்டன், அதாவது ஏற்கெனவே போர் செய்தது. பட்டறையில் இதை 'இருபது தவ்' என்பார்கள். எஸ்டிடி என்று இருந்தால் ஒரிஜினல் அளவு. இது தெரியாமல் நாளைக்கு ஸ்டாண்டர்டு ரிங் செட் வாங்கி வந்தால் அது உதவாது.

போர் கேஜை இறக்கி மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், நீளவாக்கில் ஒரு முறை, குறுக்கில் ஒரு முறை அளந்தார். எல்லா இடமும் 92.50-ஐ ஒட்டியே வந்தது. பிறகு கிராங்க்கைச் சுற்றி, பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்துக்கும் அடியில் நிற்கும் இடத்துக்கும் வித்தியாசம் பார்த்தார். 120 மில்லிமீட்டர்.

"போர் வேலை சுத்தமாப் பண்ணியிருக்காங்க. ஆனா இது 697 இல்ல தம்பி, 692."

கணக்கு எளிது. விட்டத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து அதை அதாலேயே பெருக்கி, 0.7854-ஆல் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கினால் சி.சி. வரும். 697-க்கு 9.7 × 9.7 × 0.7854 × 12.8 × 6, கிடைப்பது 5,675 சி.சி. அங்கே நின்ற எஞ்சினுக்கு 9.25 × 9.25 × 0.7854 × 12 × 6, கிடைப்பது 4,838 சி.சி. ஏறத்தாழ 840 சி.சி. வித்தியாசம். ஒரு முழு சிலிண்டரே இல்லாத மாதிரி.

அதனால் என்ன, ஓடினால் போதாதா? லாரியில் சொல்லும் குதிரைத்திறன் 2800 சுற்றில் வருவது. ஜெனரேட்டருக்கு 1500 சுற்றில் என்ன வரும் என்பதுதான் கேள்வி. டர்போ இல்லாத இந்தக் காலத்து எஞ்சின்களில் லிட்டருக்கு 60 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்று தோராயமாக வைத்துக்கொண்டு, அதைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி 9,550-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 697-க்கு 53 கிலோவாட். 692-க்கு 45.

ஆலைக்குத் தேவை: மூன்று மோட்டாரும் சேர்ந்து 37.5 ஹெச்பி, அதாவது 28 கிலோவாட். மோட்டாரிலும் ஆல்டர்னேட்டரிலும் போகும் நஷ்டத்தைச் சேர்த்தால் எஞ்சின் 35 கிலோவாட் தர வேண்டும். 697-ஆக இருந்தால் அது மூன்றில் இரண்டு பங்கு. 692-ல் நாலில் மூன்று பங்கைத் தாண்டிவிடும். "பழைய எஞ்சினை மணிக்கணக்கா ஓட்டறதுன்னா மூணுல ரெண்டு பங்குக்கு மேல சுமை வைக்கக் கூடாது" என்பது சங்ககிரிக்காரரின் அனுபவக் கணக்கு.

அடியில் இருப்பது

ஆயில் சம்பை இறக்கி ஒரே ஒரு பேரிங் கேப்பை மட்டும் கழற்றிப் பார்த்தார். பேரிங் ஷெல்லின் முதுகில் 0.25 என்று இருந்தது. கிராங்க் ஒரு முறை கால் மில்லிமீட்டர் தேய்க்கப்பட்டிருக்கிறது. இது நல்ல செய்தி. 0.75, 1.00 என்று இருந்திருந்தால் அடுத்த முறை தேய்க்க இடமிருக்காது. கிராங்க்கே புதிதாக வாங்க வேண்டி வரும். போர் அளவைக் கேட்கும் பலர் கிராங்க் அளவைக் கேட்பதில்லை. ஆனால் செலவு அதிகம் வைப்பது கிராங்க்தான்.

சிலிண்டர் பற்றியும் ஒரு வார்த்தை. சில எஞ்சினில் லைனர் தனியாகத் தண்ணீரில் நனைந்தபடி நிற்கும், தேய்ந்தால் இழுத்துவிட்டுப் புதிது போடலாம். சிலவற்றில் பிளாக்கோடு ஒட்டிய உலர்ந்த லைனர். இன்னும் சிலவற்றில் பிளாக்கிலேயே நேராகப் போர் செய்திருப்பார்கள். வாங்கும் எஞ்சினில் எது, இன்னும் எத்தனை முறை போர் செய்யலாம் என்று லேத் பட்டறையில் கேட்டுக்கொள்வது நல்லது. போர் செய்த பில் இருந்தால் அதில் அளவு எழுதியிருக்கும். கழற்றிய பழைய பிஸ்டனையும் ஷெல்லையும் காட்டச் சொல்வதிலும் தவறில்லை.

விற்றவர் நான்கு கை மாறி வந்ததை 697 என்று நம்பித்தான் வாங்கியதாகச் சொன்னார். டேப்பட் கவரும் தகடும் அப்படித்தான் சொன்னதாம். உண்மையாகவும் இருக்கலாம். பேரம் மறுபடி முதலிலிருந்து நடந்தது. கணவருக்கு வேண்டாம் என்று தோன்றியது. மனைவி நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "கெரஷரும் போர் மோட்டாரும் மட்டும் போட்டா தாங்குமுங்களா?" என்று கேட்டார். 30 ஹெச்பி, எஞ்சின் பக்கம் 28 கிலோவாட். 45-ல் 62 சதவீதம். தாங்கும். கிணற்று மோட்டாரை இரவில் கரண்ட் இருக்கும்போது ஓட்டிக்கொள்ளலாம். 692-க்கு உரிய விலை, அதில் கவர்னர் மாற்றும் செலவைக் கழித்து மீதி என்று முடிந்தது.

எஞ்சின் இப்போது ஆலைக்குப் பின்னால் கான்கிரீட் மேடையில் நிற்கிறது. இ.பி. லைனுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டிருக்கிறார்கள். அது இல்லாமல் ஓட்டினால் கரண்ட் வெளி லைனில் ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் வயர்மேனைக் கொன்றுவிடும். பெரிய மோட்டாரை முதலில் ஸ்டார்ட் செய்து, அது சமநிலைக்கு வந்த பிறகுதான் அடுத்ததைப் போடுகிறார்கள். பேனல் பெட்டியின் உள்பக்கக் கதவில் மனைவி பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறார்: 692. போர் 92.50, பிஸ்டன் 0.50. ஸ்ட்ரோக் 120. பேரிங் 0.25. கவர்னர் ஆர்எஸ்வி, 750. எஞ்சின் நம்பர். போர் செய்த பட்டறையின் போன் நம்பர்.

பழைய எஞ்சின் பற்றி கேள்வி-பதில் பகுதிக்கு எழுதும் வாசகர்கள், 'லாரி எஞ்சின் வைத்திருக்கிறேன், எத்தனை ஹெச்பி மோட்டார் ஓட்டலாம்?' என்று மட்டும் கேட்காமல், சிலிண்டர் எண்ணிக்கை, அளந்த போர், ஸ்ட்ரோக், பம்புத் தகட்டிலும் கவர்னர் தகட்டிலும் உள்ள முழு எழுத்து, எந்த வேலைக்கு என்ற விவரம் ஆகியவற்றையும் சேர்த்து எழுதினால் சரியான பதில் தர முடியும். தகடு படிக்க முடியாமல் தேய்ந்திருந்தால், சுண்ணக்கட்டியைப் பூசித் துடைத்துவிட்டுச் சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் எழுத்து தெரிந்துவிடும்.